1840 ஹொனலுலு "பேட் அண்ட் பால்": அது எந்த ஆட்டம், பிள்ளைகளை வைத்து எப்படி ஆடிக் காட்டுவது?

கொழிஞ்சாம்பாறை_வாயனசாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாயனசாலை (நூலகம்) ஆண்டுவிழாவில் இந்தத் தடவை மேடைப் பேச்சைக் குறைத்துவிட்டு, கோலும் பந்தும் என்று ஒரு மணி நேர ஆட்டக்காட்சி வைக்கிறோம். திடலின் ஒரு பக்கம் நம்ம கிட்டிப்புள் (இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு அது குட்டியும் கோலும்). இன்னொரு பக்கம் 19ஆம் நூற்றாண்டில் ஏதாவது ஒரு தீவுத் துறைமுகத்தில் ஆடியது. ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவை எடுத்திருக்கிறோம். காரணம், அந்த ஊரில் வந்த 'பாலினீசியன்' பத்திரிகையின் 1840 டிசம்பர் 26 இதழ்க் குறிப்பு. உள்ளூர்ப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, "பழைய பேட் அண்ட் பால்" ஆடுகிறார்கள் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இது கிரிக்கெட்டா, பேஸ்பாலா, வேறு எதுவுமா? "கார்ட்ரைட் அறிமுகப்படுத்திய பேஸ்பால்" என்று பேனருக்கு வாசகம் எழுதி வைத்திருக்கிறோம், இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. விதி, அளவு, பந்து, மட்டை எல்லாம் ஆடிக் காட்டுகிற அளவுக்கு வேண்டும். 11 முதல் 14 வயதுக்குள் 24 பிள்ளைகள். திடல் 60க்கு 45 மீட்டர், தெற்கே தென்னந்தோப்பு. மண் கரிசல், மாசியில் வெடிப்பு விடும்.

பழைய_ஏடு எழுதியது:

பேனரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அலெக்சாண்டர் கார்ட்ரைட் ஹொனலுலுவில் கால் வைத்தது 1849 ஆகஸ்ட் 28. உங்கள் குறிப்பு அதற்கு எட்டரை ஆண்டு முந்தியது. அவரும் கூட்டாளிகளும் நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கத்தின் விதிகளை எழுதியதே 1845இல்தான். 1840இல் அந்த ஆட்டம் நியூயார்க்கிலேயே எழுத்துக்கு வரவில்லை, பசிபிக் நடுவில் எங்கிருந்து வரும்?

கார்ட்ரைட் அந்த ஊருக்குப் பெரிய மனிதர் என்பதில் சந்தேகமில்லை. தீயணைப்புப் படைத் தலைவராக இருந்தார், 1892இல் அங்கேயே இறந்தார். அந்த ஊரின் மக்கிக்கிப் பகுதியில் திடல் அளந்து கொடுத்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஆனால் பேஸுக்கு பேஸ் 90 அடி இடைவெளி, 9 பேர், 9 இன்னிங்ஸ் எல்லாம் அவர் வகுத்தது என்று அவருடைய நினைவுப் பட்டயத்திலேயே பொறித்திருந்தாலும், அவை விதியானது நியூயார்க் சங்கங்களின் 1857 மாநாட்டில்தான். அப்போது அவர் ஹவாயில் இருந்தார். பட்டயத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது.

சரி, 1840 ஆட்டம் எது? குறிப்பிலேயே துப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து "காமன்" திடலுக்கு ஓடி ஆடினோமே, அதே ஆட்டம் என்கிறது அந்தக் குறிப்பு. பத்திரிகையை நடத்திய ஜேம்ஸ் ஜாக்சன் ஜார்வ்ஸ் பாஸ்டனில் பிறந்தவர். ஊர்ப் பொதுத்திடலைக் 'காமன்' என்பது நியூ இங்கிலாந்து (பாஸ்டன் இருக்கும் அமெரிக்க வடகிழக்குப் பகுதி) வழக்கம், பாஸ்டனில் அது ஊருக்கே அடையாளம். 1820இல் ஹவாய்க்கு வந்த முதல் மிஷனரிக் கூட்டமும் பாஸ்டனில்தான் கப்பல் ஏறியது. துறைமுகத்துக்குத் தண்ணீரும் காய்கறியும் ஏற்ற வந்த திமிங்கில வேட்டைக் கப்பல்களில் பெரும்பாலானவை நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு பக்கம். ஆகவே அந்த நிலத்து ஆட்டம், அதாவது 'ரவுண்ட் பால்', 'பேஸ்', 'கோல் பால்' என்று ஊருக்கொரு பெயரில் இருந்த, பந்தை அடித்துவிட்டு முளைகளைச் சுற்றி ஓடும் சுற்றோட்ட ஆட்டம், அல்லது ஆள் குறைந்தால் ஆடும் 'ஓல்ட் கேட்'. கிரிக்கெட் என்றால் கிரிக்கெட் என்றே எழுதியிருப்பார்கள், அந்தச் சொல் அவர்களுக்குத் தெரியாததல்ல.

பேனரில் "நியூ இங்கிலாந்துப் பிள்ளைகளின் சுற்றோட்டப் பந்தாட்டம், ஹொனலுலு, 1840" என்று போடுங்கள். பொய் இல்லாமல் முடியும். இன்னொன்று: ஹவாய்க்காரர்களின் பழைய உலு மாயிகாவை இதோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். அது தட்டைக் கல்லை உருட்டும் ஆட்டம், அதில் மட்டை கிடையாது.

நாலுமுளை எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆடிக்காட்ட எழுத்து விதி வேண்டுமென்றால் இரண்டு இடம்தான். 1834இல் பாஸ்டனில் அச்சான சிறுவர் விளையாட்டு நூல் ஒன்று, நான்கு கல் அல்லது முளை, இடைவெளி 12 முதல் 20 கெஜம் என்கிறது. ஆனால் மற்ற விவரம் குறைவு. 1858இல் மாசசூசெட்ஸ் சங்கங்கள் டெடமில் கூடி எழுதிய விதியில் எல்லா அளவும் உண்டு. முளைக்கு முளை 60 அடி, அதாவது அதே 20 கெஜம். 18 ஆண்டு பிந்தியது என்றாலும் அதை வைத்து ஆடலாம், "1858இல் எழுதப்பட்ட விதிப்படி" என்று பலகையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

முதலில் சதுரம். பக்கம் 60 அடி (18.3 மீட்டர்). கயிறு பிடித்து நான்கு பக்கம் மட்டும் அளந்தால் சாய்சதுரமாகப் போய்விடும், எதிர் மூலைக்கு எதிர் மூலை 84 அடி 10 அங்குலம் வருகிறதா என்று இரண்டு குறுக்கிலும் பாருங்கள். நான்கு மூலையிலும் 4 அடி உயர முளை. அடிப்பவன் மூலையில் நிற்கமாட்டான், பேஸ்பால் பார்த்தவர்கள் எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். முதல் முளைக்கும் நான்காம் முளைக்கும் நடுவில், பக்கத்தின் மையத்தில், 4 அடி குறுக்களவு வட்டத்துக்குள் நிற்பான். ஆகவே முதல் ஓட்டம் 30 அடிதான். அவன் முளைகளைப் பார்த்து நிற்க, முதல் முளை அவன் வலப்பக்கம். சுற்றி வந்து நான்காம் முளையைத் தொட்டால் ஒரு எண்ணிக்கை.

பந்து போடுகிறவன் 35 அடி தள்ளி நிற்பான். உருட்டவோ கீழ்க்கையாகத் தூக்கிப் போடவோ கூடாது, கையை மேலே தூக்கி எறியவேண்டும். பந்து தரையில் படாமல் வரவேண்டும். கிரிக்கெட் பழகிய பிள்ளை தன்னையறியாமல் பந்தைத் தரையில் ஒரு தடவை குத்தவிட்டே தீரும், அதற்கென்று தனியாக அரை மணி பழக்குங்கள்.

அவுட்: அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்தால். மூன்று தடவை வீசித் தவறி, மூன்றையும் பின்னால் நிற்பவன் பிடித்தால். மட்டையில் உரசிப் பின்னால் போன பந்தைப் பிடித்தால். முளையை விட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தால் எறிந்து அடித்தால். இந்தக் கடைசி விதிதான் ஆட்டத்தின் உயிர். முளையில் பந்தைக் கொண்டுபோய் வைத்தால் அவுட் ஆகாது, ஆளின் மேல் படவேண்டும். அடிக்கக்கூடிய பந்தையெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தால் நடுவர் ஒரு தடவை எச்சரிப்பார், அப்புறமும் விட்டால் ஒரு வீச்சுக் கணக்கு.

ஒருவன் அவுட் ஆனால் அணியே அவுட். உடனே மாறிக்கொள்ளவேண்டும். 100 எண்ணிக்கை எடுக்கும் அணிக்கு வெற்றி, ஆனால் அது ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியமில்லை. 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 10 முதல் 14 பேர் என்பது விதி, உங்கள் 24 பேர் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சரியாக வருகிறார்கள்.

மறக்கவே கூடாத ஒன்று: இதில் ஃபவுல் இல்லை. பின்னால் போனாலும் பக்கவாட்டில் போனாலும் ஓட்டம்தான். ஒரு பிள்ளைக்கு இது புரிந்துவிட்டால் போதும், மட்டையைச் சாய்த்துப் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடிவிடும். 12 பேரில் மூன்று பேரையாவது அடிப்பவனுக்குப் பின்னால் நிறுத்துங்கள். அதனாலேயே சதுரத்தைத் திடலின் ஓரத்தில் போடாமல் நட்டநடுவில் போடவேண்டும்.

தோல்_ஊசி எழுதியது:

பந்துக்கு நான். 1858 விதிப்படி எடை 2 முதல் 2¾ அவுன்ஸ் (57 முதல் 78 கிராம்), சுற்றளவு 6½ முதல் 8½ அங்குலம் (16.5 முதல் 21.6 செ.மீ.), மேலே தோல். கிரிக்கெட் பந்தின் பாதி எடைக்கு மேல் போகாது. ஆள் மேல் எறிகிற ஆட்டத்துக்கு இதைவிடக் கனமாக இருந்தால் ஆடமுடியாது. நியூயார்க் விதியில் ஆள் மேல் எறிவதைத் தடுத்தார்கள், அதன் பிறகுதான் பந்து கனத்தது. 1857இல் அங்கே 6 முதல் 6¼ அவுன்ஸ், இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

செய்முறை. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி, 2.5 செ.மீ. குறுக்களவில் ஒரு உருண்டை. அதன்மேல் கம்பளி நூல் 45 முதல் 48 கிராம். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் தேங்காய் மாதிரி நீண்டுவிடும். சுற்றளவு 18 செ.மீ. வந்ததும் நிறுத்தி எடை போடுங்கள். இறுக்கிச் சுற்றினால் இந்த அளவில் 60 கிராமுக்குள் நிற்கும், தோலும் தையலும் சேர்ந்து 70 ஆகும். பெரிதாக வேண்டுமென்று 20 செ.மீ. வரை சுற்றினால் இறுக்கமான பந்து 90ஐத் தாண்டும். எடையைக் குறைக்கத் தளர்த்திச் சுற்றினாலோ நாலு அடியில் ஒரு பக்கம் அமுங்கிவிடும்.

மேல்தோல் ஒரே துண்டு. எலுமிச்சம்பழத்தை அடியில் ஒட்டிக்கொண்டிருக்க நாலாகப் பிளந்து விரித்தால் எப்படி இருக்கும், அப்படி நாலு இதழ். அந்தக் காலத்து அமெரிக்கப் பந்துகளில் இந்த எலுமிச்சைத் தோல் தையல் சாதாரணம். 18 செ.மீ. பந்துக்கு நடுவிலிருந்து இதழ் நுனிவரை 9 செ.மீ., இதழின் மிக அகலமான இடம் 4.5 செ.மீ., அந்த அகலம் நடுவிலிருந்து 4.5 செ.மீ. தூரத்தில் வரவேண்டும். செருப்புக்கு உள்பக்கம் ஒட்டுகிற ஆட்டுத்தோல், 1 மி.மீ. கனம், போதும். ஓரத்தில் 2 மி.மீ. குறைத்து வெட்டி, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, ஈரத்தோடு இழுத்துத் தையுங்கள். தேன்மெழுகு தடவிய சாக்கு நூல் போதும். உலரும்போது தோல் தானே கவ்விக்கொள்ளும். காய்ந்த தோலில் தைத்தால் நாலு நுனியும் சேருகிற இடத்தில் சுருக்கம் விழும், முதலில் பிரிவதும் அங்கேதான். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் ஒரு நாள்.

இதெல்லாம் கண்காட்சி மேசைக்கு. பிள்ளைகள் ஆடுவதற்கு டென்னிஸ் பந்தே போதும். அதன் எடை 56 முதல் 59 கிராம், சுற்றளவு ஏறக்குறைய 21 செ.மீ. ஏறக்குறைய 1858 அளவிலேயே வந்துவிடுகிறது! ஒரே குறை, துள்ளல் அதிகம். கோணி ஊசியால் ஒரு துளை போட்டுக் காற்றை இறக்கிவிட்டால் துள்ளலும் அடங்கும், மேலே பட்டால் எரிச்சலும் குறையும்.

மட்டை உருண்டைக் கோல். மிகத் தடித்த இடத்தில் 2½ அங்குலத்துக்குள், நீளம் இஷ்டம். காய்ந்த வேம்பில் 80 செ.மீ. நீளம், தலைப்பக்கம் 5 செ.மீ., பிடி 2.8 செ.மீ. என்று கடைந்தால் முக்கால் கிலோ சுமாருக்கு வரும், 12 வயதுக்கு அது போதும். சவுக்கு வேண்டாம், கனம், நீளவாக்கில் பிளக்கும். தென்னை மடலை வெட்டி எடுத்துவருவான் ஒருவன், நிச்சயம். மடல் தட்டை, அது கிரிக்கெட்டுக்குச் சரி, இங்கே வேண்டாம்.

நகரி_எல்லை எழுதியது:

நாலுமுளை சார் சொன்ன விதி சரிதான், ஆனால் ஒருவன் அவுட் ஆனால் அணியே அவுட் என்பதைப் பிள்ளைகளிடம் நேராகக் கொடுத்தால், முதல் கால் மணி நேரம் இடம் மாறுவதிலேயே போகும். பார்க்கிறவர்களுக்கும் தலையும் தெரியாது வாலும் தெரியாது. அதற்கு முன்னால் 'ஒன் ஓல்ட் கேட்' ஆடவிடுங்கள். அதுவும் அதே நிலத்து ஆட்டம்தான்.

எறிகிறவன், அடிப்பவன், பிடிப்பவன், மூன்று பேர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். அடிப்பவன் நிற்கிற இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டரில் ஒரே ஒரு குறி. அடித்துவிட்டு அதைத் தொட்டுத் திரும்பினால் ஒன்று. பந்தைப் பிடித்தாலோ, இடையில் எறிந்து பட்டாலோ அவுட், அவுட் ஆக்கியவனுக்கு மட்டை. 'டூ ஓல்ட் கேட்' என்றால் இரண்டு குறி, இரண்டு மட்டை, அடித்ததும் இருவரும் இடம் மாறவேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிடத்தில் பிடிபடும், ரன் ஓடுவது போலத்தானே. மூன்று, நான்கு என்று மட்டை கூடக்கூடப் பெயரிலும் எண் கூடும். நாலு குறி வந்துவிட்டால் சதுரம் கண்முன்னால் நிற்கிறது, அங்கிருந்து பெரிய ஆட்டத்துக்குப் போவது சுலபம்.

கிட்டிப்புள்ளை எதற்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இதிலேயே இருக்கிறது. 'கேட்' என்றால் பூனை. இங்கிலாந்தில் 'டிப் கேட்' என்று கிட்டிப்புள்ளின் அண்ணன் தம்பி ஆட்டம் ஒன்று உண்டு, அதில் இரு முனையும் சீவிய சின்னக் கட்டைக்குத்தான் பூனை என்று பெயர். கட்டை போய்ப் பந்து வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதே பொதுவாகச் சொல்லும் விளக்கம். அந்தக் கட்டையை அவர்கள் பூனை என்றார்கள், தமிழில் அது புள், பறவை. உங்கள் பக்கத்து மலையாளத்தில் குட்டி. எங்கள் பக்கம் தெலுங்கில் பில்ல, ஆட்டத்துக்குப் பில்லங்கோடு என்றும் கோட்டிபில்ல என்றும் பெயர். நாலு பெயரையும் ஒரு அட்டையில் எழுதி, கட்டையைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

புள்ளுக்கு 12 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. கனம் வைத்து, இரண்டு முனையும் 3 செ.மீ. தூரத்துக்குச் சீவினால் போதும். கூர்மையாகச் சீவினால் துள்ளாது, மண்ணில் குத்தி நிற்கும், கண்ணுக்கும் ஆபத்து. முனை சுண்டுவிரல் நுனி அளவுக்கு மழுங்கலாக இருக்கட்டும். கோல் 50 செ.மீ. பார்ப்பவர்களைப் புள் பறக்கிற திசையில் உட்கார வைக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_வாயனசாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேனர் வாசகத்தை மாற்றியாயிற்று. மூன்று சந்தேகம் மிச்சம். 4 அடி முளையில் பிள்ளைகள் மோதிக்கொள்ளமாட்டார்களா? கரிசல் வெடிப்புக்கு என்ன செய்வது? பந்து தென்னை மேல் ஏறிக்கொண்டால் என்ன கணக்கு?

நாலுமுளை எழுதியது:

முளையை ஆழமாக அடிக்காதீர்கள். ஒரு சாணுக்குக் குழி எடுத்து, மூங்கிலை நிறுத்தி, சுற்றிலும் மணலை மட்டும் போட்டு விடுங்கள். பிள்ளை மோதினால் முளைதான் சாயவேண்டும். மூங்கில் தலையில் பழைய துணி சுற்றிக் கட்டுங்கள். இன்னும் பயமாக இருந்தால் உரச்சாக்கில் கால்பங்கு மணல் போட்டுத் தைத்துக் கிடத்துங்கள், ஆனால் அது நியூயார்க் ஆட்டத்து அடையாளம், பலகையில் அதையும் ஒரு வரி எழுதவேண்டி வரும். முளையைவிட எனக்குக் கவலை மட்டைதான். கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையோடு ஓடுவார்கள், அல்லது சுழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். வட்டத்துக்குள் மட்டையைக் கிடத்திவிட்டு ஓடாதவனின் ஓட்டம் செல்லாது என்று சொல்லிவிடுங்கள். பழைய விதியில் இல்லாததுதான், இருந்தாலும் வையுங்கள். ஓடுகிறவன் மேல் எறிவதும் இடுப்புக்குக் கீழேதான்.

வெடிப்புக்கு ஒரே நாள் தண்ணீர் விட்டால் மேல்மண் வழுக்கும், அடியில் வெடிப்பு அப்படியே இருக்கும், கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். ஓடுகிற பாதை மட்டும் 4 பக்கம், 1 மீட்டர் அகலம். வெடிப்புகளைப் பொடித்த கரிசல் மண்ணாலேயே நிரப்பி, கட்டையால் இடித்து, லேசாகத் தெளித்து, மறுநாளும் ஒரு தடவை நிரப்புங்கள். மணலைக் கொட்டி நிரப்பினால் காலுக்குக் கெட்டியாகாது. பந்து தரையில் பட்டு வரவேண்டிய ஆட்டமில்லை, ஆகவே நடுத்திடல் கரடாக இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. கிரிக்கெட்டை எடுத்திருந்தீர்களானால் இந்த மண்ணில் பிட்ச் போடவே ஒரு மாதம் வேண்டும்.

தென்னைக்கு: எல்லைக்கோடு இல்லாத ஆட்டம், பந்து திரும்பி வருகிற வரை ஓடலாம். மரத்தில் மாட்டினால் நாலு முளையும் சுற்றிவந்துவிடுவான். அந்தக் காலத்துக் கிரிக்கெட்டில் பந்து தொலைந்தது என்று குரல் கொடுத்தால் 6 ஓட்டம் கொடுத்து நிறுத்துவார்கள். அதை இங்கே கலக்கவேண்டாம். தோப்பின் விளிம்பைத் தாண்டினால் இரண்டாம் முளையோடு நிற்கவேண்டும் என்று ஆரம்பிக்கும் முன்பே இரண்டு அணியையும் கூப்பிட்டுச் சொல்லி, கையில் மூன்று பந்து உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். சதுரத்தை அடிப்பவன் வடக்கே பார்க்கிறமாதிரி போட்டால் பெரிய அடி தோப்புக்குப் போகாது, உரசிப் பின்னால் போவது மட்டும்தான் அங்கே போகும்.